முனியப்பர் சேவலும் பதினொரு செக்கனும்

மனித மனதைப் படித்தவன் என்று சொல்லிக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுப்பேன். நம்பி வேறு எதையும் கொடுக்க மாட்டேன். பதினெட்டு வயதில் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். மூன்று மாதப் படிப்பை வைத்துக்கொண்டு, நெற்கதிர் மிதிக்கிற ஒரு சூட்டுக்களத்தையே நிறுத்தியவன். நல்ல மனிதர் ஏழு பேரைக் கள்ளர் என்று கொப்பியில் எழுதியவன். ஆகவே அந்த இனத்தை எனக்கு உள்ளிருந்தே தெரியும்.

ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் ஐயா யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர். குளத்துத் தண்ணீரில் வயல் செய்யக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வன்னியில் முரசுமோட்டைக்கு வந்துவிட்டார். என்னை மட்டும் படிப்புக்காகப் பெரியப்பா வீட்டில் விட்டு வந்தார். இதனால் எனக்கு நெல்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சோறாகிக் கோப்பைக்கு வந்த பிறகு நடப்பதுதான். விடுமுறைக்கு வன்னிக்கு வருவேன், சாப்பிடுவேன், குளத்தில் குளிப்பேன், திரும்பிப் போவேன்.

இங்கே பல்கலைக்கழகச் சோதனை என்னைக் கைவிட்டது. (நான்தான் அதைக் கைவிட்டேன் என்று அக்கா சொல்லுவாள். அவள் சொல்வதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம்.) அந்தக் காலத்தில் இப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழி இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் புகுமுக வகுப்பில் சேர்வது. ஐயாவின் கட்டளை ஒன்றே ஒன்று: டொக்டருக்குப் படிக்க வேண்டும்.

கல்லூரிக் கந்தோரில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, விஞ்ஞானப் பிரிவு நிரம்பிவிட்டது, தர்க்கம் இருக்கிறது, மனோதத்துவம் இருக்கிறது, எது வேண்டும் என்றார். எந்த வகுப்பில் மின்விசிறி இருக்கிறது என்று கேட்டேன். மனோதத்துவத்தில் என்றார். என் வாழ்க்கையின் திசை இவ்வாறுதான் தீர்மானிக்கப்பட்டது.

ஐயாவுக்கு நான்கு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். மனோதத்துவமும் ஒருவகை வைத்தியம்தான், அது உடம்புக்கு, இது மனதுக்கு என்றெல்லாம் எழுதியிருந்தேன். பதிலுக்கு ஒரு தபாலட்டை வந்தது. அதில் ஒரு வரிதான் இருந்தது: "லீவுக்கு வா, கதைப்பம்."

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விசிறிக் காற்றுக்குப் போனவன், இரண்டு கிழமையில் அந்தப் பாடத்தில் விழுந்துவிட்டேன். பேராசிரியர் ஒருநாள் ஒரு சோதனை செய்து காட்டினார். அவர் ஒரு சொல்லைச் சொல்வார். எதிரில் இருப்பவன் மனதில் முதலில் வருகிற சொல்லை உடனே சொல்ல வேண்டும். அவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறிப்பார். மேசை என்றால் கதிரை, இரவு என்றால் பகல், எல்லாம் இரண்டு செக்கனில் வந்துவிடும். ஆனால் மனதில் எதையாவது ஒளித்து வைத்திருப்பவன் அது சம்பந்தமான சொல் வரும்போது தடக்குப்படுவான். விடை பிந்தும். ஒரு மாணவன் 'கடிதம்' என்ற சொல்லுக்கு ஏழு செக்கன் எடுத்தான். அடுத்த கிழமை அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்ததும், அவனுக்கு வேறு இடத்திலிருந்து கடிதம் வந்ததும் தெரிய வந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் என்னதான் கிடக்கிறது என்ற ஆவல் அன்றைக்குப் பிடித்தது. விடுதியில் சோறு பரிமாறுபவரையும் விடவில்லை. 'பருப்பு' என்ற சொல்லுக்கு அவர் மிகவும் பிந்தினார்.

இந்த ஆயுதத்தோடுதான் செப்டெம்பர் விடுமுறைக்கு ஊர் வந்தேன்.

வந்தபோது ஐயா வயலில் நின்றார். சிறுபோக அறுவடை முடிந்து, கதிரைக் குவித்துச் சூடு மிதிக்கிற நேரம். அம்மா வாசலிலேயே என்னை மறித்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தின் கீழ் விரலை வைத்தார்.

"என்ன மோனை இது? இந்தக் காறை எலும்புக்குள்ள தண்ணி விட்டு மீன் வளக்கலாம் போல கிடக்கு."

"விடுதிச் சாப்பாடு அம்மா."

"சாப்பாடு எண்டு அதைச் சொல்லாதை," என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

அன்று இரவு கோழிக்கறி. அம்மாவின் கை வண்ணத்தை நான் விளக்கப் போவதில்லை, பசி வந்துவிடும். ஐயா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, எலும்பைச் சப்பி, "அருமையான சாமான். எங்கை எடுத்தனீ?" என்று அம்மாவைக் கேட்டார். பின்வளவு மனிசியிடம் வாங்கியதாக அம்மா சொன்னார். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, நீ படிக்கிறது விசருக்கு வைத்தியமோ?"

"இல்லை ஐயா, மனித மனம் எப்பிடி வேலை செய்யுது எண்டு..."

"என்ர மனம் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் ஐயா.

ஊருக்குள் கதை எனக்கு முன்னரே பரவியிருந்தது. காலையில் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வந்து, தன் நாம்பன் மாடு ஒன்று இரண்டு நாளாகச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். (ஆவல் யாரை விட்டது?) அது சுவரைத்தான் பார்த்தது. எனக்கும் வேறு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது வீட்டில் பெரிய சத்தம். ஐயாவின் சேவலைக் காணவில்லை.

அது சாதாரணச் சேவல் அல்ல. நான் கப்பல் ஏறிய அன்று, கடல் தாண்டிப் போகிற பிள்ளை பத்திரமாய்த் திரும்பி வரவேண்டும் என்று குளக்கட்டு முனியப்பருக்கு ஐயா நேர்ந்து விட்டது. காலில் மஞ்சள் துணி கட்டிய செந்நிறச் சேவல். நான் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. இப்போது கூடு திறந்து கிடந்தது.

"வேறை ஒரு சேவலைக் குடுத்தால் என்ன, ஐயா?" என்று கேட்டேன்.

"மாத்திக் குடுத்தால் முனியும் மாத்தி எடுக்கும்," என்றார் ஐயா. "நேர்த்தி தீராமல் நீ கடல் தாண்டேலாது. இஞ்சை நில். சூட்டுக்கும் ஆள் காணாது."

விடுமுறை பத்து நாள்தான். சென்னையில் நூலகத்தில் பாதியில் விட்டுவந்த புத்தகம், 'கனவுகள்' என்று பேராசிரியர் அறிவித்திருந்த அடுத்த பாடம், எல்லாம் ஒரு சேவலோடு போகப் போகின்றன. வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றைப் படிக்க ஆசைப்பட்டிருந்தேன். அதைப் பறிகொடுக்க மனம் வரவில்லை.

"ஐயா, கள்ளனை நான் பிடிச்சுத் தந்தால்?"

"எப்பிடிப் பிடிப்பாய்?"

"என்ர படிப்பை வச்சு."

ஐயா இடுப்பிலிருந்து தன் சங்கிலி மணிக்கூட்டைக் கழற்றித் தந்தார். அதில்தான் செக்கன் முள் இருந்தது.

"பிடிச்சால் போ. பிடிக்காட்டில் அந்தப் படிப்பை இஞ்சை ஒருத்தரும் கதைக்கப்படாது."

அன்றிரவே இருபது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று தயாரித்தேன். சாதாரணச் சொற்களுக்கு நடுவே குற்றச் சொற்களை ஒளித்து வைக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர், மரம், சேவல், இறகு, கள்ளன், கத்தி என்று எழுதினேன். மனதை நன்றாகக் கிளற வேண்டும் என்பதற்காக நெருப்பு, பசி, பேய், சாவு என்பவற்றையும் சேர்த்துக்கொண்டேன். இந்த நான்கும் பிறகு முக்கியமாகும்.

மறுநாள் காலை ஒத்திகை. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளுக்கு இந்தப் படிப்பில் நம்பிக்கை இல்லை, ஆனால் மணிக்கூட்டைப் பிடிக்கும் ஆசை இருந்தது. குசினி வாசலில் உட்கார்ந்தோம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஒரு சொல் சொல்லுவன். முதல் மனசில வாறதைச் சொல்லுங்கோ."

"எனக்கு வேலை கிடக்கு. கெதியாச் சொல்லு."

"தண்ணி."

"குடம்."

"ரண்டு செக்கன்," என்றாள் அக்கா.

"மரம்."

"விறகு."

"ரண்டு."

"சேவல்."

அம்மாவின் கையிலிருந்த ஊதுகுழல் வாய்வரை வந்து அப்படியே நின்றது. அடுப்பு புகைந்தது. அக்கா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே காகம் ஒன்று கத்தி ஓய்ந்தது.

"உப்பு," என்றார் அம்மா கடைசியில். "உப்புப் போட மறந்திட்டன்," என்று சொல்லி எழும்பி, ஒரு பிடி உப்பை அள்ளித் தேநீர்க் கேத்தலுக்குள் போட்டார்.

"பதினொரு செக்கன்," என்று அக்கா கொப்பியில் எழுதினாள்.

இப்போது இதை எழுதும்போது எனக்கு என்னையே ஓங்கிக் குட்ட வேண்டும்போல இருக்கிறது. அன்று நான் செய்தது என்ன தெரியுமா? அந்த வரியின் பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: 'குசினிப் புகையால் ஏற்பட்ட தாமதம். கணக்கில் கொள்ளத் தேவையில்லை.' பிறகு உப்புத் தேநீரைக் குடித்துவிட்டுக் கள்ளனைப் பிடிக்கச் சூட்டுக்களத்துக்குப் புறப்பட்டேன்.

வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. வன்னியில் சூட்டுக்களம் என்பது கோயில் மாதிரி. எருமைகளைச் சுற்றி நடக்கவிட்டுக் கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கிற அந்த வட்டத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. குடை விரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ட சொல்லையும் சொல்லக் கூடாது. குறைவைக் காட்டுகிற சொல், கேட்டைக் காட்டுகிற சொல், எதுவும் வாயில் வரக் கூடாது. 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். 'முடிஞ்சுது' என்று சொல்ல மாட்டார்கள். நெல்லைக்கூட நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். தப்பாக ஒரு சொல் விழுந்தால் பூதங்கள் காதில் வாங்கி வந்து பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்கே கூடியவரையில் பேசாமலே வேலை செய்வார்கள். எங்கள் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் என்றாலும், இந்த விஷயத்தில் இங்கே பிறந்தவர்களைவிடக் கண்டிப்பு. புதிதாக வந்தவனுக்குத்தானே பயம் கூட.

நான் கட்டாயம் ஆட்களைக் கேட்பேன் என்று ஐயாவுக்குத் தெரியும். பின்னேரம் அவர்கள் கூலி நெல் வாங்க வீட்டுக்கு வரும்போது கேட்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, சாக்கு எடுத்துவரக் கிளிநொச்சிக்கு வண்டில் கட்டிப் போய்விட்டார்.

நான் நண்பகல் கழிந்து, செருப்போடு, குடை பிடித்துக்கொண்டு, நேரே களத்தின் நடுவுக்குள் போனேன்.

ஏழு பேர் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவர் நாகமணி அம்மான். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். சூட்டு விஷயத்தில் ஐயாவுக்கும் அவர் சொல்தான் சட்டம். என்னைக் கண்டதும் அவருடைய கண் பெரிதாகியது. கையை ஆட்டி ஏதோ காட்டினார். குடையை மடக்கு, செருப்பைக் கழற்று, வெளியே போ என்று மூன்று விஷயத்தை ஒரே கையால் காட்டினார் என்று இப்போது விளங்குகிறது. 'இந்த மனிதர் ஏன் பதறுகிறார்?' என்று அன்று யோசித்தேன். அவர் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.

"எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ," என்றேன். "எங்கட வீட்டிலை சேவல் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

'இல்லை' என்ற சொல் விழுந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொண்டேன்.

"நான் ஒரு சொல் சொல்லுவன். அதுக்குப் பதிலா முதல் வாற சொல்லைச் சொன்னால் காணும். பயப்பிடாதேங்கோ. நாகமணி அம்மான், நீங்கள் முதல். நெருப்பு."

நாகமணி அம்மான் வாயை இறுக்கி மூடினார். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து, பத்து, பதினைந்து செக்கன். எங்கள் பேராசிரியர்கூட இப்படி ஒரு தாமதத்தைக் கண்டிருக்க மாட்டார். அறிவியல் மகிழ்ச்சியில் அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

"சரி, அடுத்தவர். பசி."

அடுத்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"பேய்."

மூன்றாமவர் எருமையின் பின்னால் போய் நின்றார்.

"சாவு."

நான்காமவர் சின்னத்தம்பி என்ற இளைஞர். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறவர். அவர்தான் தாங்க மாட்டாமல், "பொலி! பொலி! பொலி!" என்று உரத்த குரலில் கத்தினார். உடனே மற்ற ஆறு பேரும், "பொலி, பொலி, பொலி!" என்று சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். நான் சொல்லிவைத்த கேடுகளை எல்லாம் அந்தச் சொல்லால் அழிக்கப் பார்க்கிறார்கள். நான் கொப்பியில் எழுதியது: 'கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை. ஏழு பேரும் ஒரே சொல். முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். கூட்டுச் சதி.'

நாகமணி அம்மான் எருமைகளை நிறுத்தினார். அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்த பிணையலை அவிழ்த்தார். ஏழு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் களத்தை விட்டு இறங்கி, வாய்க்கால் கரை மருதமரத்தின் கீழ் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பாதி மிதித்த சூடு களத்தில் கிடந்தது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் நடுவில் குடையோடு தனியாக நின்றேன்.

ஐயாவின் வண்டில் அந்த நேரம்தான் வந்து சேர்ந்தது.

நாகமணி அம்மான் எழும்பிப் போய், மெதுவாக, ஒவ்வொரு விரலாக மடக்கி ஐயாவுக்குச் சொன்னார். செருப்பு ஒன்று. குடை இரண்டு. பிறகு ஒவ்வொரு சொல்லாக. சொற்களை அவர் வாயால் சொல்லவில்லை, காதுக்குள் ஊதினார். ஐயாவின் முகம் போன போக்கைப் பார்த்து, நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பிந்திவிட்டது.

"வெளியில வா," என்றார் ஐயா. வந்தேன்.

"இவங்கள் இனிக் களத்துக்குள்ள கால் வைக்க மாட்டாங்களாம். மழை வருகுது. என்ர ஒரு போகம் அங்கை கிடக்குது. சரி. இவ்வளவும் செய்தாயே, கள்ளனைப் பிடிச்சியோ?"

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பிள்ளை, பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கும். ஆனால் சென்னைக் கப்பல் என் கண்முன் போய்க்கொண்டிருந்தது. கொப்பியைப் பார்த்தேன். ஏழு பேரில் முதலில் வாய் திறந்தவர் யார்? முதலில் கத்தியவர் யார்? சதிக்குத் தலைவர் யார்?

"சின்னத்தம்பி," என்றேன்.

சின்னத்தம்பி எழும்பி நின்றார். கோபப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. "நான் அப்பிடிச் செய்வனோ, ஐயா?" என்று எங்கள் ஐயாவைப் பார்த்துக் கேட்டார். குரல் உடைந்துவிட்டது. இரண்டு வருடமாக எங்கள் வயலில் வேலை செய்தவர், அந்தப் பெயரோடு இனி எந்தக் களத்துக்குப் போக முடியும்? சொல்லி முடித்த கணத்திலேயே பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

"அந்தப் பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ."

எல்லோரும் திரும்பினோம். வரம்பில் அம்மா நின்றார். பொலிச் சத்தம் கேட்டு, என்ன விபரீதமோ என்று ஓடி வந்திருக்கிறார். பெண்கள் களத்துக்கு வருவதில்லை. ஆகையால் வரம்பிலேயே நின்றபடி, ஏழு பேரும் கேட்கச் சொன்னார்.

"சேவலை வெட்டினது நான். திண்டது நீங்கள்."

எருமை ஒன்று மூச்சு விட்டது.

"எப்ப?" என்றார் ஐயா.

"இவன் வந்த அண்டு. பெடியன் எலும்பும் தோலுமா வந்து நிக்கிறான். வீட்டில வேறை ஒண்டும் இல்லை. அது கூட்டுக்குள்ள கொழுத்துப் போய் நிக்குது. முனியப்பர் என்ன, பிள்ளைத்தாச்சி மாதிரிப் பசியோடையோ இருக்கிறார்? நாலு நாள் பொறுப்பார் எண்டு நினைச்சன். வேறை ஒண்டு வாங்கிக் கட்டி விடுவம் எண்டும் நினைச்சன். அதுக்குள்ள நீங்கள் கூட்டைப் பாத்திட்டியள்."

"நான் ரண்டாம் தரமும் கேட்டு வாங்கினனான்," என்றார் ஐயா. அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. முனியப்பருக்கு நேர்ந்ததை எலும்பு வரை சப்பியவர் அவர்.

எல்லோரும் நாகமணி அம்மானைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை மென்றபடி நீண்ட நேரம் யோசித்தார்.

"இவன் சுகமா வரவேணும் எண்டுதானே நேர்ந்தது?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் ஐயா.

"சேவல் இப்ப இவனுக்குள்ளதானே நிக்குது?"

"பெரும்பங்கு ஓம்," என்றார் அம்மா.

"அப்ப இவனையே கொண்டு போய்க் காட்டுங்கோ. முனி பாத்து எடுக்கட்டும்."

அடுத்த அரை மணி நேரத்தை நான் ஒருவருக்கும் சொல்லாமல் செத்திருப்பேன்; அக்காதான் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அம்மா வீட்டுக்கு ஓடிப்போய், விறகுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அந்த மஞ்சள் துணியை எடுத்து வந்தார்; கூடவே அக்காவும் வந்தாள். நாகமணி அம்மான் அதை என் வலது காலில் கட்டினார். சென்னைக் கல்லூரியின் மனோதத்துவ மாணவன், சேவலின் துணியோடு, குளக்கட்டு ஆலமரத்தடி முனியப்பரை மூன்று தரம் சுற்றி வந்தேன். பின்னால் ஐயாவும் ஏழு பேரும் அக்காவும் வந்தார்கள். வழியில் போன இரண்டு சைக்கிள்காரரும் இறங்கி நின்று பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் அக்கா மெதுவாக, "கூவ வேண்டாமோ?" என்று கேட்டாள். நாகமணி அம்மான் அதையும் ஒருகணம் யோசித்தார். நல்லவேளை, தேவையில்லை என்றுவிட்டார்.

சுற்றி முடித்ததும் சின்னத்தம்பியிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு எந்தப் புத்தகத்திலும் முறை படித்திருக்கவில்லை. "அண்ணை, நான் பிழை விட்டிட்டன்," என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். "முதல் அந்தத் துணியை அவிழ், தம்பி," என்றார். "இப்பிடி நிண்டு மன்னிப்புக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகுது."

களத்தில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்தி, மறுபடி எருமைகளைப் பிணைத்தார்கள். என்னை வைக்கோல் உதறவிட்டார்கள். வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மழை அன்று வரவில்லை. முனியப்பர் ஏற்றுக்கொண்டார் என்றார் நாகமணி அம்மான். காற்று மாறியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த நாள் எனக்குக் கருத்துச் சொல்கிற நாள் அல்ல.

இரவு ஐயா விளக்கடியில் இருந்து என் கொப்பியை எடுத்து வாசித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன? அம்மா, சேவல், பதினொரு செக்கன்?"

"ஒத்திகை, ஐயா."

"ஆளை நீ காலமையே பிடிச்சிட்டாய்."

நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"பிடிச்சுப் போட்டு, புகை எண்டு எழுதியிருக்கிறாய்." ஐயா கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் நான் முன்னொருபோதும் காணாத ஒரு வெளிச்சம். "இது அருமையான படிப்படா. படிப்பில ஒரு பிழையும் இல்லை. உனக்குத்தான் அது தோதில்லை."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆள் பிடிபட்டதால் கப்பல் ஏறவிட்டார். ஆனால் கொப்பியைத் தரவில்லை. புகுமுக வகுப்பை முடித்ததும் நான் பொருளியலுக்கு மாறினேன். பிறகு ஒரு கந்தோரில் எழுதுவினைஞராகி, எந்த மனதையும் ஆராயாமல் ஓய்வு பெற்றேன். மனோதத்துவத்தை எங்கள் குடும்பத்தில் தொடர்ந்து செய்தவர் ஐயாதான். மாடு வாங்கப் போனால் சங்கிலி மணிக்கூட்டை எடுத்து, விற்பவரிடம் 'நொண்டி' என்பார். அக்காவைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை 'சீட்டாட்டம்' என்ற சொல்லுக்கு ஒன்பது செக்கன் எடுத்தார். கதை அதோடு முடிந்தது. இரண்டாவதாக வந்தவர் 'சேவல்' என்றதும் யோசிக்காமல் 'கறி' என்றார். அவர்தான் எங்கள் அத்தான்.

வீட்டில் இன்றைக்கும் யாராவது பதில் சொல்லப் பிந்தினால், எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்டு, பிள்ளை மேலே கீழே பார்த்தால், யாராவது ஒருவர் மெதுவாக, "பதினொரு செக்கன்" என்பார். அதன் பிறகு பொய் சொல்ல முடியாது. கதை தெரியாத மருமக்கள்கூட அதற்குப் பயப்படுகிறார்கள்.

எனக்கு மட்டும் ஒரு ஆவல் மிச்சம் இருந்தது. அந்தப் பதினொரு செக்கனுக்குள் அம்மாவின் மனதில் முதலில் வந்தது என்ன? உப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். ஐயா காலமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு, அக்கா வீட்டில் ஒரு பின்னேரம், அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"அம்மா, அண்டைக்கு நான் சேவல் எண்டு கேட்க, முதல் என்ன சொல் வந்தது? உப்பு எண்டு சொல்லாதேங்கோ."

"காறை எலும்பு," என்றார் அம்மா.

பிறகு கையை நீட்டி, என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தின் கீழ் விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, வயிறு மேசையில் முட்டுகிற உடம்பு. அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்.

"இப்ப காணேல்லை," என்றார், திருப்தியாக.

அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து நிமிர்ந்தாள். "இந்த முறை ஒரு செக்கனும் எடுக்கேல்லை," என்றாள்.